காவலரில்லாத கருவூலம்

நாணயம் அடிக்கும் உரிமை அரசுக்கே உரியது. பிறனொருவன் அதனைச் செய்தால் அது கள்ள நாணயம். அவன் செல்லுமிடம் சிறை. உலகெங்கும் உள்ள நியதி இது. ஆயினும், பணத்திற்கு நிகரான ஒன்றை அச்சிட்டுக்கொள்ளும் கருவியை, அரசே மனமுவந்து தனியார் அலுவலகத்தின் மேசைமீது வைத்துவிட்டுக் காவலுக்கு ஒருவரையும் நிறுத்தாமல் சென்ற விந்தையும் வரலாற்றில் உண்டு. அலுவலகங்களில் ‘பிராங்கிங் மெஷின்’ என்று வழங்கும் தபால் முத்திரைப் பொறியே அக்கருவி. வங்கிகளிலிருந்தும் பெரிய நிறுவனங்களிலிருந்தும் வரும் கடித உறைகளின் வலப்புற மேல் மூலையில், தபால்தலை இருக்க வேண்டிய இடத்தில், சிவப்பு மையில் பதிந்திருக்கும் முத்திரையை நாம் அனைவரும் கண்டிருக்கிறோம். கண்டதும் உறையைக் கிழித்து எறிந்திருக்கிறோம். அச்சிறு முத்திரைக்குப் பின்னால் நிற்கும் அறிவுழைப்பு எத்தகையது என்பதை எண்ணிப் பார்ப்பதே இக்கட்டுரையின் நோக்கம்.

இது நமக்கு அயலான வரலாறு அன்று. தமிழகத்தை விட்டுப் பம்பாய்க்கும் கல்கத்தாவுக்கும் டில்லிக்கும் வந்த நம் முன்னோருள் பலர் எழுத்தராகவும் தட்டச்சராகவும் கணக்கராகவும் வாழ்வைத் தொடங்கியவர்கள். மாலைதோறும் கடிதக் கட்டுகளை எண்ணி, தபால்தலை ஒட்டி, செலவைப் பதிவேட்டில் எழுதி, இருப்பைச் சரிபார்த்துக் கையொப்பமிட்ட கைகள் அவர்களுடையவை. இருப்பில் ஓரணா குறைந்தால் ஐயம் யார்மீது விழும் என்பதை அவர்கள் நன்கு அறிவார்கள். அந்த ஐயத்திலிருந்து பிறந்ததே இப்பொறி.

ஒட்டிய தலையும் ஒட்டாத நம்பிக்கையும்

முற்காலத்தில் இங்கிலாந்தில் கடிதத்திற்குரிய கட்டணத்தைப் பெரும்பாலும் அதனைப் பெறுபவரே செலுத்தினார். தொலைவுக்கும் தாள்களின் எண்ணிக்கைக்கும் ஏற்பக் கட்டணம் ஏறியது. இம்முறையின் கேடுகளை எடுத்துரைத்து 1837-ஆம் ஆண்டில் ரோலண்ட் ஹில் என்பார் ஒரு சிறு நூல் வெளியிட்டார். அதன் பயனாக 1840-ஆம் ஆண்டு மே மாதம் ‘பென்னி பிளாக்’ என்னும் உலகின் முதல் ஒட்டும் தபால்தலை வழக்கிற்கு வந்தது. ஒரு தாளில் 240 தலைகள். ஒரு தாளின் விலை ஒரு பவுன். நம் நாட்டில் 1852-ஆம் ஆண்டில் சிந்து மாகாணத்தில் பார்ட்டில் ஃபிரேர் தபால்தலையைப் புகுத்தினார். 1854-ஆம் ஆண்டு அக்டோபர் முதல் நாடெங்கும் ஒரே சீரான கட்டணம் அமைந்தது. கால் தோலா எடையுள்ள கடிதம், எத்தனை தொலைவாயினும், அரையணாவில் சென்றது.

தபால்தலை எளியோர்க்கு வரம், ஐயமில்லை. ஆனால் அது பிறந்த நாளிலேயே மோசடியும் உடன்பிறந்தது. பென்னி பிளாக் தலையின்மீது குத்திய சிவப்பு மையை அழித்துவிட்டுத் தலையை மீண்டும் ஒட்டினார்கள். அதனால் 1841-ஆம் ஆண்டிலேயே தலையைச் சிவப்பாகவும் குத்தும் மையைக் கறுப்பாகவும் மாற்ற நேர்ந்தது. அலுவலகங்களில் வேறொரு தொல்லை. மேசை அறையில் கிடக்கும் தபால்தலை சில்லறைக் காசு போன்றது. அதற்குப் பெயர் இல்லை, முகவரி இல்லை. எடுத்துச் சென்றவன் அதனை எங்கும் விற்கலாம். இதற்கு மாற்றாக லண்டனைச் சேர்ந்த ஜோசப் ஸ்லோப்பர், தலைகளில் நிறுவனத்தின் முதலெழுத்துகளைச் சிறு துளைகளாக இடும் பொறியொன்றைச் செய்தார். 1868-ஆம் ஆண்டில் அஞ்சல் துறை அதனை ஏற்றது. இந்தியாவிலும் பல வணிக நிறுவனங்கள் துளையிட்ட தலைகளைப் பயன்படுத்தின. பழைய தலை சேர்ப்போர் இன்றும் அவற்றைத் தேடி எடுக்கின்றனர். அவற்றுள் ஒன்றைக் கையில் எடுத்து வெளிச்சத்தில் பிடித்துப் பாருங்கள். முதலாளிக்குத் தன் எழுத்தர்மீது இருந்த ஐயமே ஊசித்துளைகளாக அங்கே தெரியும்.

பல்சக்கரங்களின் சாட்சி

தலையே இல்லாமல், கட்டணத்தை உறையின்மீது நேராக அச்சிட்டு, அச்சிட்டதைப் பொறியே எண்ணிக்கொண்டால் என்ன? இந்த எண்ணம் பல நாடுகளில் பலருக்குத் தோன்றியது. நார்வேயில் 1900-ஆம் ஆண்டிலும், எர்னெஸ்ட் மாஸ் என்பாரது முயற்சியால் நியூஸிலாந்தில் 1904-ஆம் ஆண்டிலும் இத்தகைய பொறிகள் பயன்பாட்டிற்கு வந்தன. எனினும் உலகெங்கும் பரவிய வடிவத்தைத் தந்தவர் சிக்காகோவில் சுவரொட்டுத் தாள் கடையொன்றில் எழுத்தராக இருந்த ஆர்தர் பிட்னி. 1902-ஆம் ஆண்டில் அவர் காப்புரிமை பெற்றார். ஆனால் அமெரிக்க அஞ்சல் துறை இசைவு தருவதற்குப் பதினெட்டு ஆண்டுகள் ஆயின. அரசின் தயக்கம் நியாயமானதே. பணம் அச்சிடும் கருவியை அயலான் வீட்டில் வைப்பது எளிய முடிவா?

தலைகளின்மீது முத்திரை குத்தும் பொறிகளை அஞ்சல் நிலையங்களுக்கு அளித்துவந்த வால்டர் போவ்ஸ் என்பாருடன் 1920-இல் பிட்னி சேர்ந்தார். அவ்வாண்டிலேயே சட்டமும் இசைந்தது. நவம்பர் 16-ஆம் நாள் கனெக்டிகட் மாநிலத்தின் ஸ்டாம்ஃபோர்டு நகரில் முதல் உறைகள் தலையின்றிச் சென்றன. அதே 1920-இல் மாட்ரிட் நகரில் கூடிய உலக அஞ்சல் மாநாடு, நாடுவிட்டு நாடு செல்லும் கடிதங்களிலும் இம்முத்திரையை ஏற்க முடிவு செய்தது.

அப்பொறியின் அமைப்பை நோக்குவோம். அதனுள் இரண்டு எண்ணிகள் இருந்தன. ஒன்று ஏறும் எண்ணி. பொறி பிறந்த நாள் முதல் அச்சிட்ட மொத்தத் தொகையை அது காட்டும். மற்றொன்று இறங்கும் எண்ணி. முன்பணத்தில் எஞ்சியுள்ள தொகையை அது காட்டும். அலுவலகத்தார் பொறியை அஞ்சல் நிலையத்திற்குச் சுமந்து சென்று பணம் கட்டுவர். அதிகாரி பூட்டைத் திறந்து, இறங்கும் எண்ணியை ஏற்றி வைத்து, கம்பி கோத்து ஈயமுத்திரை இட்டு அனுப்புவார். இருப்புத் தீர்ந்தால் பொறி தானே பூட்டிக்கொள்ளும். ஆயிரம் ரூபாய் ஏற்றிய புதிய பொறியில் நாற்பது ரூபாய் செலவானால் ஏறும் எண்ணியில் 40, இறங்கும் எண்ணியில் 960, கூட்டினால் ஆயிரம். மேலும் ஐந்நூறு ஏற்றினால் கூட்டுத்தொகை 1,500 ஆகும். அடுத்த முறை பணம் ஏற்றும்வரை, எத்தனை உறை அச்சிட்டாலும் இக்கூட்டுத்தொகை மாறாது. மாறினால் எங்கோ தவறு நிகழ்ந்துள்ளது. இரு எண்ணிகளும் ஒன்றுக்கொன்று சாட்சி. கணக்கில் பற்றும் வரவும் நேர்நிற்பது போன்ற இந்த எளிய விதியே பிற்கால மின்னணுப் பொறிகளுக்கும் உயிர்நாடியாயிற்று.

இந்த இயக்கப் பொறிக்கு ஒரு பெரும் பலம் இருந்தது. அச்சிடும் உருளையும் எண்ணிகளும் பல்சக்கரங்களால் பிணைக்கப்பட்டிருந்தன. உருளை சுழன்றால் எண்ணி நகர்ந்தே தீரும். எண்ணாமல் அச்சிடவோ, அச்சிடாமல் எண்ணவோ வழியில்லை. இரும்பே அங்குச் சாட்சி.

இரும்பின் பிணைப்பு அறுந்தபோது

1971-ஆம் ஆண்டில் இன்டெல் நிறுவனம் 4004 என்னும் நுண்செயலியை விற்பனைக்குக் கொண்டுவந்தது. கணக்கிடும் மூளை விரல்நகத்தினும் சிறிய சில்லில் அடங்கிவிட்டது. பல்சக்கரங்களால் செய்த கணக்கை இதனைக் கொண்டு செய்தால் என்ன என்று பிட்னி-போவ்ஸ் நிறுவனத்தின் பொறியியலார் எண்ணினர். ஃபிராங்க் செக் என்பாரும் துணைவர் இருவரும் கண்ட நுண்கணினி முத்திரைப் பொறிக்கு 1976-ஆம் ஆண்டு ஆகஸ்டு 31-ஆம் நாள் அமெரிக்கக் காப்புரிமை கிடைத்தது. மதிப்பைக் காட்டும் அச்சுச் சக்கரங்களை அதில் சிறு மின்விசைப்பொறிகள் திருப்பின. கணக்கை நுண்செயலி வைத்தது.

எடை பார்க்கும் தராசை இணைக்கலாம். கட்டணப் பட்டியலை நினைவகத்தில் வைக்கலாம். துறைவாரியாகச் செலவைப் பிரித்துக் காட்டலாம். இவ்வாறு நன்மைகள் பல. ஆனால் இவற்றுக்கெல்லாம் விலையாகப் பொறியியலார் ஒன்றை இழந்தனர். அச்சுக்கும் கணக்குக்கும் இடையே இருந்த இரும்பின் பிணைப்பு அறுந்துவிட்டது. அதனிடத்தில் ஒரு மின்கம்பி நின்றது. கம்பியை வெட்டலாம், பொய்யான மின்குறியை அதில் அனுப்பலாம், பலத்த மின்னதிர்ச்சியால் நினைவகத்தைக் கலங்கச் செய்யலாம். ஏமாற்ற விரும்புபவன் தன் சொந்த அறையில், கதவைத் தாழிட்டுக்கொண்டு, எத்தனை இரவுகள் வேண்டுமாயினும் அப்பொறியுடன் தனித்திருக்கலாம். அங்ஙனமாயின் அதனை நம்புவது எவ்வாறு?

அடுத்த இருபது ஆண்டுகளின் வடிவமைப்பு முழுவதும் இந்த ஒரு வினாவிற்கான விடையே எனலாம். முதலில், பொறியைப் பகுதிகளாகப் பிரித்தனர். விசைப்பலகையும் எண்காட்டியும் பயனர் கையில். கணக்கு வைக்கும் பகுதியோ தனிச் செயலியுடன் எஃகுப் பெட்டிக்குள், முத்திரையிட்ட பெட்டகமாக இருந்தது. வெளியிலிருந்து வரும் மின்னதிர்ச்சி உள்ளே புகாதவாறு, செய்திகளை மின்கம்பியால் அனுப்பாமல் ஒளியாக மாற்றி அனுப்பும் இணைப்புகளை அமைத்தனர். பெட்டகத்திற்கு அனுப்பிய ஒவ்வொரு செய்தியும் திரும்ப எதிரொலிக்கப்பட்டு ஒப்புநோக்கப்பட்டது. அச்சுச் சக்கரம் கட்டளையிட்ட எண்ணுக்குத்தான் திரும்பிற்றா என்பதை ஒளியுணரிகள் பார்த்துச் சொல்லின. பெட்டகம் தன் கைகளையே நம்பாமல், செய்த வேலையைக் கண்ணாலும் பார்த்து உறுதி செய்துகொண்டது.

மின்சாரம் நின்றால் நட்டம் யாருக்கு?

மின்னணுப் பொறிக்கு நேர்ந்த மிகப் பெரிய சோதனை திருடனால் வந்ததன்று, மின்தடையால் வந்தது. இயக்கப் பொறியின் எண்ணி, மின்சாரம் இருந்தாலும் இல்லாவிட்டாலும் நின்ற இடத்தில் நிற்கும். மின்னணு நினைவகமோ மின்சாரம் நின்றதும் மறந்துவிடும் இயல்பினது. ஆயிரக்கணக்கான ரூபாய் முன்பணம் ஒரு நொடியில் மறைந்துபோனால் அலுவலகத்திற்கு யார் பதில் சொல்வது?

தொடக்கத்தில் சிறு மின்கலங்களைக் கொண்டு நினைவகத்தை உயிரோடு வைத்தனர். பின்னர் மின்சாரமின்றியே எழுதியதை நினைவில் வைத்திருக்கும் சில்லுகள் வந்தன. ஆனால் அவற்றில் ஒரே இடத்தில் எழுதி அழிக்கும் முறைகளுக்கு ஓர் எல்லை உண்டு. நாளொன்றுக்கு நூற்றுக்கணக்கான உறைகளை அச்சிடும் அலுவலகத்தில் ஒவ்வோர் உறைக்கும் அதே இடத்தில் எழுதினால் சில்லு விரைவில் தேய்ந்துவிடும். ஆகவே எழுதும் இடத்தை மாற்றி மாற்றி அமைத்தனர். வேறு சிலர் தற்காலிக நினைவகத்தில் கணக்கு வைத்து, மின்னழுத்தம் குறையத் தொடங்கிய கணமே அதனை நிலையான நினைவகத்திற்கு மாற்றினர். அக்கணத்திற்குத் தேவையான மின்சாரத்தை மின்தேக்கி ஒன்று சேமித்து வைத்திருக்கும். விளக்கு அணைந்த பின்னும் அணையாமல் சில இமைப்பொழுது நிற்கும் அத்துளி மின்சாரத்தில், பொறி தன் கணக்கை எழுதி முடித்துவிட்டே கண்மூடும்.

இங்கே ஒரு நீதி வினாவும் எழுந்தது. முதலில் பணத்தைக் கழித்துக்கொண்டு பின் அச்சிடுவதா? அச்சிட்ட பின் கழிப்பதா? முன்னதாயின், இடையில் மின்சாரம் நின்றால் நட்டம் பயனருக்கு. பின்னதாயின் நட்டம் அரசுக்கு. அத்துடன், வேண்டுமென்றே மின்சாரத்தை நிறுத்தி இலவசமாக அச்சிடும் தந்திரத்திற்கும் அது வழி திறந்துவிடும். எனவே முதலில் கழித்துக்கொள்வதே விதியாயிற்று. பிழையின் சுமை பயனர்மீது விழுமாறு பொறியை அமைத்தவர்கள், அப்பிழையே நேராதிருக்க மின்தேக்கியையும் வைத்தார்கள். ஐயத்தோடு அறத்தையும் அவர்கள் மறக்கவில்லை என்பதற்கு இது சான்று.

இதனோடும் அவர்கள் நிற்கவில்லை. அதே கணக்கை இரண்டு தனித்தனி நினைவகங்களில் எழுதினர். ஏறும் எண்ணும் இறங்கும் எண்ணும் கூடிய தொகை, ஒப்புநோக்குத் தொகையோடு பொருந்துகின்றதா என்று பொறி தானே பார்த்துக்கொண்டது. பொருந்தாவிடில் மேற்கொண்டு ஓர் உறையும் அச்சிடாமல் பூட்டிக்கொண்டு, தன்னைத் திறந்து படிக்கும் உரிமையுடையவர் வரும்வரை காத்திருந்தது. ஐயம் எழுந்தால் வேலையை நிறுத்து. ஆனால் பதிவேட்டை அழியாமல் காத்து வை என்பதே அதற்கு இட்ட கட்டளை. நல்ல கணக்கர் எவரும் செய்வது இதுதானன்றோ?

மையிலிருந்து எண்ணுக்கு

பொறியை அஞ்சல் நிலையத்திற்குச் சுமந்து செல்லும் தொல்லையும் நீங்கியது. அலுவலகத்தார் தொலைபேசியில் தம் பொறியின் எண்களைக் கூற, மறுமுனையில் உள்ள கணினி, அப்பொறிக்கு மட்டும், அந்த ஒரு முறைக்கு மட்டும் பொருந்தும் மறையெண் ஒன்றைத் தரும். அதனைப் பதித்தால் இருப்பு ஏறும். இம்முறைக்கு 1974-ஆம் ஆண்டிலேயே காப்புரிமை வழங்கப்பட்டிருந்தது. 1970-களின் இறுதியில் அமெரிக்காவில் இது நடைமுறைக்கு வந்தது. ஈயமுத்திரை இட்ட அதிகாரியின் கையிடத்தை ஓர் எண் பிடித்துக்கொண்டது.

எனினும் ஓர் ஓட்டை அடைபடாமலே இருந்தது. பெட்டகம் எத்தனை உறுதியாயினும், உறையின்மீது விழுவது சிவப்பு மைதானே? அதே மையைக் கொண்டு போலி அச்சுக் கட்டை ஒன்றால் குத்தினால் யாருக்குத் தெரியும்? வண்ண நகல் பொறிகளும் கணினி அச்சுப்பொறிகளும் மலிந்தபின் இவ்வச்சம் பெருகியது.

விடை வேறொரு துறையில் ஏற்கெனவே பிறந்திருந்தது. மின்னணு முத்திரைப் பொறிக்குக் காப்புரிமை கிடைத்த அதே 1976-ஆம் ஆண்டின் நவம்பரில், ஒயிட்ஃபீல்ட் டிஃபி, மார்ட்டின் ஹெல்மன் என்னும் இருவர் மறைப்பியலில் ஒரு புதுப்பாதையை அறிவித்தனர். கையொப்பமிடும் எண் ஒருவரிடம் மட்டும் மறைவாக இருக்கும். அக்கையொப்பத்தைச் சரிபார்க்கும் எண்ணோ ஊரறிய இருக்கலாம். சரிபார்க்கத் தெரிந்தவரெல்லாம் கையொப்பமிட முடியாது. இக்கருத்தைத் தபால் முத்திரையோடு இணைக்கும் வழியைப் பிட்னி-போவ்ஸ் நிறுவனத்தின் ஹோசே பாஸ்டர் 1991-இல் ஓர் ஆய்வுக் கட்டுரையாக வெளியிட்டார்.

1990-களின் இடையிலிருந்து அமெரிக்க அஞ்சல் துறை பழைய இயக்கப் பொறிகளைப் படிப்படியாக விலக்கிவிட்டு, முத்திரையையே செய்தியாக மாற்ற முற்பட்டது. சிறு கட்டங்களாலான சதுரப் புள்ளிக்கோலம் ஒன்று உறையில் அச்சாயிற்று. பொறியின் எண், நாள், கட்டணம், ஏறும் எண்ணியின் அப்போதைய மதிப்பு முதலியன அதனுள் அடங்கும். அவற்றின்மீது பொறி இட்ட எண்கையொப்பமும் உடனிருக்கும். ஒன்றை மாற்றினாலும் கையொப்பம் பொருந்தாது. முழுவதையும் அப்படியே நகலெடுத்தால், ஏறும் எண்ணி ஒரே மதிப்பில் இருமுறை நிற்காதாதலால், இரண்டாவது உறை பிடிபடும். பெட்டகத்தை உடைக்க முயன்றால், உள்ளிருக்கும் மறையெண் தானே அழிந்துபோகும். 1999-ஆம் ஆண்டு ஆகஸ்டில், சொந்தக் கணினியிலும் சாதாரண அச்சுப்பொறியிலும் தபால் முத்திரையை அச்சிட்டுக்கொள்ள அமெரிக்கா இசைவளித்தது. மையும் தாளும் எவரிடமும் இருக்கலாம் என்னும் துணிவு அப்போது வந்தது. ஏனெனில் மதிப்பு அவற்றில் இல்லை, எண்ணில் இருந்தது.

நம் நாட்டுப் பாடம்

இந்தியாவிலும் உரிமம் பெற்ற நிறுவனங்கள் முன்பணம் செலுத்தி இப்பொறிகளைப் பயன்படுத்திவந்தன. உரிமத்தின் எண் முத்திரையிலேயே பதியும்; குறிப்பிட்ட அஞ்சல் நிலையத்தில் கணக்குச் சீட்டோடு கடிதங்களை ஒப்படைக்க வேண்டும். பின்னர் நம் அஞ்சல் துறையும் தொலைவிலிருந்து நிர்வகிக்கப்படும் மின்னணுப் பொறிகளுக்கு மாறியது. 1898-ஆம் ஆண்டின் அஞ்சல் சட்டத்திற்கு மாற்றாக 2023-ஆம் ஆண்டின் புதிய சட்டம் 2024 ஜூனில் நடைமுறைக்கு வந்துள்ளது. அரையணாவுக்கும் ஈயமுத்திரைக்கும் உரிய காலம் முழுதும் கடந்துவிட்டது.

தாளிலேயே மதிப்பை வைத்தால் நேரும் கேட்டை நாமும் பட்டறிந்தோம். 2001-இல் தெல்கி என்பவன் கைதானதையடுத்து வெளிப்பட்ட போலி முத்திரைத்தாள் மோசடியை மறந்தவர் இலர். அச்சிட்ட தாளைக் கண்ணால் பார்த்து நம்பிய பதிவு அலுவலகங்களும் வங்கிகளும் ஏமாந்தன. அதன் பின்னர்ப் பல மாநிலங்களில் பரவிய மின்முத்திரை முறையில், ஒவ்வொரு சான்றுக்கும் தனி எண் உண்டு. அதனை மையப் பதிவேட்டில் எவரும் சரிபார்க்கலாம். தபால் முத்திரைப் பொறி ஒரு நூற்றாண்டில் கற்ற பாடத்தையே நம் பத்திரப்பதிவும் கற்றுக்கொண்டது.

இன்று கடிதங்கள் அருகிவிட்டன. ஒரு காலத்தில் அலுவலகத்தின் இதயமாயிருந்த தபால் பிரிவு பல இடங்களில் ஒரு மூலையாகச் சுருங்கிவிட்டது; அதனோடு அப்பிரிவின் வேலைகளும் சுருங்கின. ஆயினும் இப்பொறியின் அமைப்பில் கண்ட நெறிகள் அழியவில்லை. கைப்பேசியால் கடைக்காரருக்குப் பணம் அனுப்பும்போதும், பண அட்டையைப் பொறியில் செருகும்போதும், அதே வினாதான் எழுகின்றது: காவலர் இல்லாத இடத்தில் கருவூலத்தை எவ்வாறு வைப்பது? அதே விடைகள்தாம் துணைநிற்கின்றன: முதலில் கழி; இரண்டிடத்தில் எழுது; கையொப்பமிடு; ஐயமெனில் நில்.

எவரையும் நம்பாத பொறி எனச் சிலர் இதனைக் குறைகூறலாம். எழுத்தரின் இடத்திலிருந்து நோக்கினால் உண்மை வேறாகத் தோன்றும். மேசை அறையில் தபால்தலைகள் கிடந்த காலத்தில், இருப்புக் குறைந்தால், எடுக்காதவனும் தலைகுனிந்து நிற்க வேண்டியிருந்தது. தன் நேர்மைக்குத் தன் சொல்லன்றி வேறு சான்று அவனிடம் இல்லை. ஏறும் எண்ணும் இறங்கும் எண்ணும் அவனுக்காகச் சாட்சி சொல்லத் தொடங்கிய பின், அவன் நிமிர்ந்து நின்றான். ஐயத்தால் பிறந்த கருவி ஏழை எழுத்தரின் மானத்திற்குக் காவலாயிற்று.